கலை, தொழில்நுட்பச் சோதனைகள் (ஈ.ஏ.டி.)

ஈ.ஏ.டி. என்ற சுருக்கப்பெயரால் அறியப்படும் ‘எக்ஸ்பெரிமென்ட்ஸ் இன் ஆர்ட் அண்ட் டெக்னாலஜி’, கலைஞரும் பொறியாளரும் சமநிலையில் நின்று ஒரே படைப்பை உருவாக்க வேண்டும் என்ற நோக்குடன் 1966-இல் நியூயார்க்கில் தோன்றிய அமைப்பாகும். பெல் ஆய்வுக்கூடத்துப் பொறியாளர்கள் பில்லி குளூவர், ஃப்ரெட் வால்ட்ஹாவர் ஆகியோரும், கலைஞர்கள் ராபர்ட் ரௌஷன்பர்க், ராபர்ட் விட்மன் ஆகியோரும் இதன் நிறுவனர்கள்.

ஸ்வீடனில் வளர்ந்து, 1958-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த குளூவர் இத்துறைக்கு வந்தது, தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஓர் இயந்திரத்தின் வழியாகவே. சுவிஸ் சிற்பி ழான் டாங்லி பழைய மிதிவண்டிச் சக்கரங்கள், பியானோ முதலிய கழிவுப்பொருள்களைக் கொண்டு அதைக் கட்டியபோது, குளூவர் உதவிக்கு நின்றார். 1960 மார்ச் 17 அன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் இயக்கப்பட்ட அது, ஏறத்தாழ 27 நிமிடங்களில் தீப்பற்றிச் சிதைந்தது. தீயணைப்பு வீரர் தலையிட்டே அதை முடித்துவைக்க வேண்டியிருந்தது. பின்னர் ஆண்டி வார்ஹால் மிதக்கும் மின்விளக்கு ஒன்றைக் கேட்டார். அக்காலத்து மின்கலங்களின் எடை அதற்கு இடந்தரவில்லை. எனினும் ஹீலியத்தை எளிதில் கசியவிடாததும் வெப்பத்தால் ஓரம் ஒட்டக்கூடியதுமான பளபளப்புத் தாள் ஒன்றைக் குளூவர் கொண்டுவந்து காட்ட, விளக்கு கைவிடப்பட்டு, 1966-இல் காட்சிக்கு வந்த வெள்ளி மேகத் தலையணைகள் பிறந்தன. கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்ற இந்த நிலையே இவ்வியக்கத்தின் அடிப்படை இயல்பு எனலாம்.

அமைப்பு உருவாவதற்கு நேரடிக் காரணமானது, 1966 அக்டோபர் 13 முதல் 23 வரை நியூயார்க்கின் 69-ஆவது படைப்பிரிவு ஆயுதக்கூட மண்டபத்தில் நடந்த ‘ஒன்பது மாலைகள்: நாடகமும் பொறியியலும்’ என்ற நிகழ்வுத்தொடர். அமெரிக்கர்களுக்கு ஐரோப்பிய நவீன ஓவியத்தை அறிமுகப்படுத்திய 1913-ஆம் ஆண்டுக் கண்காட்சி நடந்ததும் இதே மண்டபத்தில்தான். பத்துக் கலைஞர்களுடன், பெரும்பாலும் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சுமார் முப்பது பொறியாளர்கள் பணியாற்றினர். ஜான் கேஜ், உணவகம், மின்நிலையம், தெருநாய்க் காப்பகம் முதலிய இடங்களுக்குத் தொலைபேசி இணைப்புகளைத் திறந்துவைத்து, அங்கிருந்து அந்நேரத்தில் வந்த ஓசைகளையே இசையாக ஒலிக்கச் செய்தார். ரௌஷன்பர்க்கின் படைப்பில் டென்னிஸ் மட்டைகளின் கைப்பிடிக்குள் சிறு வானொலி அனுப்பிகள் பொருத்தப்பட்டிருந்தன. பந்து மட்டையில் பட்டபோதெல்லாம் அவ்வதிர்வு மண்டபமெங்கும் ஒலித்தது, ஒவ்வோர் அடிக்கும் ஒரு விளக்கு அணைந்தது. முற்றிலும் இருண்ட பின் ஏறத்தாழ ஐந்நூறு பேர் உள்ளே வந்து நிற்க, மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களைப் பதிவுசெய்யும் கேமராக்கள் அவர்களின் உருவங்களைத் திரையில் காட்டின. தங்கள் எதிரிலேயே நின்ற கூட்டத்தைப் பார்வையாளர்கள் திரையின் வழியாக மட்டுமே காண முடிந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். நிகழ்ச்சிகள் தாமதமாகத் தொடங்கியதையும் கருவிகள் பழுதுபட்டதையும் விமர்சகர்கள் கடுமையாகச் சாடினர், அக்குறைகள் உண்மையானவையே.

அடுத்த மாதம் கூட்டப்பட்ட கூட்டத்திற்கு முந்நூறு கலைஞர்கள் திரண்டதும், தேவை எவ்வளவு பரந்தது என்பது விளங்கியது. கலைஞரின் சிக்கலைக் கேட்டு அதற்கு உகந்த பொறியாளரைத் தேடித்தரும் இணைப்பகமாக அமைப்பு செயல்பட்டது. 1968-இல் அது நடத்திய போட்டியில் பரிசு கலைஞருக்கு அன்று, பொறியாளருக்கே வழங்கப்பட்டது. முதற்பரிசு பெற்ற படைப்பில், பார்வையாளரின் இதயத்துடிப்பால் அதிரும் சவ்வின் மேலிருந்து செந்நிறத் தூசு எழும்பி, சிவப்பு ஒளிக்கற்றையில் துடிப்பின் வடிவாகத் தெரிந்தது. அதை எண்ணியவர் பிரெஞ்சுக் கலைஞர் ழான் டுபுய்; பரிசு சென்றதோ ரால்ஃப் மார்டெல், ஹைமன் ஹாரிஸ் என்ற பொறியாளர்களுக்கு. ஆயினும் அருங்காட்சியகப் பெயர்ப்பலகைகளிலும் கலை வரலாற்று நூல்களிலும் இன்றளவும் முந்துவது கலைஞரின் பெயரே என்பதால், சமநிலை என்ற கொள்கை பட்டறையில் வென்ற அளவுக்கு ஏட்டில் வெல்லவில்லை என்றே கூற வேண்டும்.

அமைப்பின் மிகப் பெரிய முயற்சி, 1970-இல் ஜப்பானின் ஒசாகா உலகக் கண்காட்சியில் பெப்சி நிறுவனத்திற்காக எழுப்பிய கூடம். அதன் உள்ளே சுமார் 27 மீட்டர் விட்டமுள்ள, ஆடிபோல் மின்னும் மெல்லிய நெகிழித்தாளாலான கோள வடிவக் குழியாடி இருந்தது. வெளிக்கூட்டுக்கும் ஆடிக்கும் இடையிலிருந்த காற்றழுத்தத்தைக் குறைத்ததால் அது விரிந்து நின்றது. குழியாடி மெய்ப்பிம்பத்தை உண்டாக்கும் என்ற பள்ளிப்பாடம் அங்கே கண்முன் நிகழ்ந்தது: நடப்பவரின் உருவம் தலைகீழாக, தொட்டுவிடும் தூரத்தில் வெளியில் தொங்கியது. ஆனால் பராமரிப்புச் செலவு பற்றிய பிணக்கினால், கண்காட்சி தொடங்கிய அடுத்த மாதமே நிறுவனம் கூடத்தின் நிர்வாகத்தைத் தானே எடுத்துக்கொண்டது. புரவலரின் பணத்தில் திறந்த சோதனை நடத்துவதிலுள்ள இடர் இதனால் வெளிப்பட்டது.

இந்தியாவோடும் இவ்வமைப்புக்குத் தொடர்பு உண்டு. விக்ரம் சாராபாய் செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சியைத் திட்டமிட்டுவந்த காலத்தில், 1969-இல், ஈ.ஏ.டி. குழுவினர் குஜராத்தின் ஆனந்த் பால் கூட்டுறவுப் பகுதியில், எருமை வளர்க்கும் கிராமப் பெண்களுக்கான நிகழ்ச்சிகளை எவ்வாறு உருவாக்கலாம் என ஆராய்ந்தனர். ‘ஒன்பது மாலைகள்’ கலைஞர்களுள் ஒருவரான டேவிட் டூடர் அதே ஆண்டில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் ஒலித்தொகுப்பியுடன் மின்னணு இசைக்கூடம் அமைத்தார். கலைக்கூடத்துக்கு அப்பால் சென்ற ஆனந்த் ஆய்வு, அமைப்பின் வரலாற்றில் உரிய கவனம் பெறாத பகுதியாகும்.

1970-களுக்குப் பின் அமைப்பின் வேகம் தணிந்தது. குளூவர் 2004-இல் காலமானார். ஒசாகா கூடத்தை மூடியிருந்த செயற்கைப் பனிமூட்டத்தின் கதை மட்டும் அங்கு முடியவில்லை. அதை வடிவமைத்த ஃபூஜிகோ நகாயா, ஆய்வகத்தில் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்படிகத்தை உருவாக்கிய இயற்பியலாளர் உக்கிசிரோ நகாயாவின் மகள். வேதிப்புகையை ஏற்காது, தூய நீரால் மட்டுமே மூட்டம் வேண்டும் என்று அவர் வலியுறுத்தியதால், பழத்தோட்டங்களை உறைபனியிலிருந்து காக்க வேதிமூட்டம் உருவாக்கிவந்த கலிபோர்னிய இயற்பியலாளர் தாமஸ் மீ, நீரை உயரழுத்தத்தில் நுண்துளை முனைகளின் வழியே சிதறடிக்கும் முறையை வகுத்தார். நகாயா அதைக் கொண்டு ஸ்பெயினின் பில்பாவோ உட்படப் பல நகரங்களில் மூட்டச் சிற்பங்களை அமைத்தார். மீ நிறுவிய தொழிலகமோ அதே முறையை வளர்த்தெடுத்து, மின்நிலைய எரிவாயுச் சுழலிகளுக்குள் புகும் காற்றைக் குளிர்விக்கும் கருவிகளை விற்றுவருகிறது.