பங்க் ராக்கில் எது ஒசத்தி?

பங்க் ராக் கேட்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஐந்து கட்சி இருக்கும். 1977-ல் லண்டனில் வந்ததுதான் அசல் என்பார் ஒருவர். ஹார்ட்கோர் கேட்காதவன் பங்க் பற்றிப் பேசவே கூடாது என்பார் இன்னொருவர். கிரீன் டே கேட்டு இந்தப் பக்கம் வந்த என் வகுப்புத் தோழர்களை இரண்டு பேருமே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இந்தச் சண்டையில் மல்லாங்கிணற்றுக்காரனுக்கு என்னடா வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது. கடைசியில் உறுமி வரும், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் சுருக்கமாக வரலாறு. 1970களின் ராக் குழுக்கள் ஒரே பாட்டை இருபது நிமிஷம் இழுப்பார்கள், நடுவில் கிடார் தனி ஆவர்த்தனம் வேறு. இந்த நேரத்தில் 1976 ஏப்ரலில் நியூயார்க்கிலிருந்து ரமோன்ஸ் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். 14 பாட்டு, மொத்தமே அரை மணி நேரத்துக்குள். அதே ஆண்டு நவம்பரில் லண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸ். அடுத்த வருடம் ராணியின் வெள்ளி விழா நேரத்தில் ராணியையே கிண்டலடித்து அவர்கள் போட்ட பாட்டை பிபிசி தடை செய்தது. அப்படியும் தரவரிசையில் இரண்டாம் இடம்.

என்னைக் கேட்டால் 1977-ன் பெரிய காரியம் பிஸ்டல்ஸ் அல்ல, மான்செஸ்டரின் பஸ்காக்ஸ். 500 பவுண்டு கடன் வாங்கி, நாலு பாட்டைப் பதிவு செய்து, ஜனவரியில் தாங்களே 1,000 பிரதி போட்டு விற்றார்கள். பெரிய கம்பெனியின் வாசலில் நிற்கவில்லை. பங்க்கின் எல்லாப் பிரிவுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டென்றால் அது இதுதான், சட்டை கிழிசலோ தலைமுடிச் சாயமோ இல்லை.

இந்தக் குணத்தை மிக ஒழுங்காகக் காப்பாற்றியவர்கள் இரண்டு கூட்டத்தார். ஒன்று, இங்கிலாந்தின் அனார்க்கோ பங்க். எஸ்ஸெக்ஸில் ஒரு பண்ணை வீட்டில் கூட்டாக வாழ்ந்த கிராஸ் குழு, இந்த விலைக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று தங்கள் தட்டின் உறையிலேயே அச்சடித்தது. (கேட்பதற்குக் கொஞ்சம் கஷ்டம்தான், அது வேறு விஷயம்.) இன்னொன்று அமெரிக்க ஹார்ட்கோர். வாஷிங்டனில் 1980-ல் டிஸ்கார்ட் என்ற கம்பெனியைப் பையன்களே தொடங்கினார்கள். அதில் வந்த மைனர் திரெட் குழு 46 விநாடிப் பாட்டு ஒன்றில் குடியும் போதையும் வேண்டாம் என்று சொல்ல, அது உலகம் முழுக்க ஓர் இயக்கமாகவே ஆகிவிட்டது. 46 விநாடி!

ஆனால் ஹார்ட்கோரில் எனக்கு ஒரு குறை. சட்டதிட்டம் அதிகம். பெர்க்லியின் கில்மன் தெரு அரங்கில் பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட குழுவுக்கு மேடை கிடையாது. அங்கேயே வளர்ந்த கிரீன் டே ஒப்பந்தம் போட்டதும் வெளியே நிறுத்தப்பட்டது. 1994-ல் அவர்கள் ஆல்பம் ஒரு கோடிப் பிரதிக்கு மேல் போனது. அந்த மேடையில் மறுபடி அவர்கள் ஏறியது 2015-ல், அதுவும் ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு. இன்னொரு பக்கம், மேடைக்கு முன்னால் பையன்கள் முட்டிமோதும் இடத்தில் பெண்களுக்கு நிற்க இடமில்லை. 1991-ல் ஒலிம்பியா நகரத்தில் ரயட் கேர்ள் பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி ஓய் பங்க். கிழக்கு லண்டன் தொழிலாளி வர்க்கத்துப் பாட்டு என்பதால் எனக்கு முதலில் இதன் மேல்தான் பிரியம் வந்தது. கலைக்கல்லூரிப் பிள்ளைகளின் விளையாட்டு இல்லை, உண்மையான தெருக்குரல். ஆனால் 1981 ஜூலை 3 அன்று நடந்ததைத் தாண்டிப் போக முடியவில்லை. பஞ்சாபிகள் நிறைய வாழும் சவுத்தாலில், ஹாம்ப்ரோ டேவர்ன் என்ற மதுக்கூடத்தில் மூன்று ஓய் குழுக்களின் கச்சேரி. பஸ்ஸில் வந்திறங்கிய மொட்டைத்தலைக் கூட்டம் கடைக் கண்ணாடிகளை உடைத்தது. உள்ளூர் ஆசிய இளைஞர்கள் திரண்டார்கள். அன்று இரவு அந்த மதுக்கூடம் எரிந்துபோனது. தாங்கள் இனவெறியர்கள் இல்லை என்று குழுக்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு பாட்டு யாரைக் கூட்டி வருகிறது, யாரை விரட்டுகிறது என்பதும் அதன் தரத்தில் சேர்த்திதானே?

அந்த இரவுக்கு ஐந்து வருடம் கழித்து, 1986-ல், அதே லண்டனுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக ஒரு தமிழ்ச் சிறுமி வந்தாள். பதினொரு வயது நிரம்பப் போகிற நேரம். மிச்சம் என்ற பகுதியில் அரசாங்கக் குடியிருப்பில் வாசம். பெயர் மாதங்கி அருள்பிரகாசம். உலகத்துக்கு எம்.ஐ.ஏ.

அவர் பாட்டுக்கு வந்தது எந்த வழியாக என்று பார்த்தால், போஸ்ட்-பங்க் வழியாக. இந்தப் பிரிவுக்காரர்கள் மூன்று கார்டு போதும் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு காதைத் திறந்துவிட்டவர்கள். 1977-ல் ராக்ஸி கிளப்பில் போட பங்க் தட்டுகள் போதாமல், தட்டு சுழற்றிய டான் லெட்ஸ் ஜமைக்கா ரெகேயைப் போட்டார். அந்த ருசி ஒட்டிக்கொண்டது. 1979-ல் தி ஸ்லிட்ஸ் என்ற பெண்கள் குழுவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் பார்படோஸில் பிறந்த ரெகே கலைஞர் டென்னிஸ் போவெல். அதே காலத்து இன்னொரு குழு வயர். வயர் பாட்டு ஒன்றின் கிடார் துணுக்கை 1994-ல் எலாஸ்டிகா அப்படியே எடுத்துப் போட, விஷயம் வக்கீல் வரை போய் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது. அந்த எலாஸ்டிகாவின் ஜஸ்டின் பிரிஷ்மன்தான் மாதங்கியின் தோழி. எலாஸ்டிகாவின் 2000-ம் ஆண்டு ஆல்பத்துக்கு அட்டை வரைந்ததும், சுற்றுப்பயணத்தைப் படம் பிடித்ததும் மாதங்கி. அந்தப் பயணத்தில் உடன் வந்த பீச்சஸ் என்ற பாடகி, எம்.சி.-505 என்ற சின்னத் தாளக்கருவியைக் காட்டி, நீயே செய்யலாமே என்றார். மூன்று கார்டுக்குப் பதில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். 2003-ல் வந்த முதல் தட்டு 500 பிரதி. பஸ்காக்ஸ் போட்டதில் பாதி.

2006-ல் அமெரிக்க விசா சிக்கலானது. அவர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுப் பதிவு செய்தார். 2007-ல் வந்த அந்த ஆல்பத்துக்கு அம்மாவின் பெயர், 'கலா'. முதல் பாட்டின் தொடக்கத்தில் பிஸ்டல்ஸே பயிற்சிக்கு வாசித்துப் பழகிய மாடர்ன் லவர்ஸ் பாட்டின் வரிகளை மாற்றிப் பாடுகிறார். அதே பாட்டுக்குள் 'தளபதி' படத்துக் காட்டுக்குயிலு, நம்ம இளையராஜா! இன்னொரு பாட்டில் கிளாஷ் 1982-ல் குடியேறிகளைப் பற்றிப் பாடியதன் இசை அடியில் ஓடுகிறது. அது 2008-ல் அமெரிக்கத் தரவரிசையில் நாலாம் இடம் வரை போனது.

இது பங்க்கே இல்லை, நடனப் பாட்டு என்பார்கள் கில்மன் தெரு ஆட்கள். சொல்லட்டும். சவுத்தாலில் கண்ணாடி உடைத்த கூட்டத்தின் பாட்டு பங்க் என்றால், இது ஏன் இல்லை?

சரி, உறுமி. அதே ஆல்பத்தில் 'பேர்ட் ஃப்ளூ' என்று ஒரு பாட்டு. சென்னையில் நம்ம ஊர் உறுமிக்காரர்களை வைத்துப் பதிவு செய்தது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வருமே ஒரு முனகல், கரிசக்காட்டு அம்மன் கோவில் பொங்கலில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஹெட்போனில் கேட்காதீர்கள், ஸ்பீக்கரில் சத்தமாகப் போடுங்கள். பிறகு ஸ்லிட்ஸ், பிறகு வயர். நேரம் மிச்சமிருந்தால் மைனர் திரெட்டும் கேளுங்கள், 46 விநாடிதானே :-)