மூக்கும் ஒரு சிட்டிகைப் பொடியும்

என் தாத்தாவின் இடுப்பு மடிப்பில் எப்போதும் ஒரு மூக்குப்பொடி மட்டை இருக்கும். 'தலைபாரம் இறங்கும்' என்று சொல்லி, மணிக்கொரு சிட்டிகை உறிஞ்சுவார். கடைசி ஆண்டுகளில் அவருக்கு மல்லிகையின் மணமும் இல்லை, ரசத்தின் மணமும் இல்லை. மூப்பும் பொடியும் சேர்ந்தே அதைச் செய்திருக்க வேண்டும்.

புகையிலை போர்த்துக்கீசியர் வழியே இந்தியாவுக்கு வந்த பயிர். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்நாட்டு மருத்துவத்தில் மூக்குக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. அதுவே நசியம். சரக சங்கிதை, ஆண்டில் மூன்று பருவங்களில், வானில் மேகமில்லாத நாளாகப் பார்த்து அணுதைலத்தை மூக்கில் விடச் சொல்கிறது. தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதியோ ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை நசியம் என்று வரையறுக்கிறது. மருந்தைவிட இடைவெளியே இங்குக் கவனிக்கத் தக்கது. தாத்தா மருந்தென்ற எண்ணத்தை மட்டும் வைத்துக்கொண்டு அளவைக் கைவிட்டார்.

பொடியின் தீங்கை முதலில் எழுதியவர்களுள் ஒருவர் லண்டன் மருத்துவர் ஜான் ஹில். அளவுமீறிப் பொடி போட்டவர்களின் மூக்கில் கண்ட கட்டிகளைப் பற்றி அவர் எச்சரித்தது 1761இல்.

நேதியின் கதையும் சிந்திக்கத் தக்கது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை கூறும் நேதி, ஒரு சாண் நூலை மூக்கில் செலுத்தி வாய்வழியே எடுப்பது. இன்று பலரும் அறிந்தது உப்புநீர் நேதி. சளியையும் தூசியையும் கழுவ அது உதவும் என்பதை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது. ஆனால் 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில், குழாய்நீரை அப்படியே மூக்கில் செலுத்திய இருவர் மூளையைத் தின்னும் அமீபாவால் இறந்தனர். குடித்தால் தீங்கு செய்யாத அந்த உயிரி, மூக்கின் வழியே சென்றால் மூளையை அடைகிறது. கொதித்து ஆறிய நீரையோ காய்ச்சி வடித்த நீரையோதான் பயன்படுத்த வேண்டும்.

மூச்சுக்காற்றை வெதுவெதுப்பாக்கி, ஈரமாக்கி, வடிகட்டி அனுப்புவது மூக்கு. மூக்கை ஒட்டிய எலும்பறைகளில் நைட்ரிக் ஆக்சைடு மிகுதியாக உருவாவதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1995இல் கண்டனர். மூக்கால் மூச்சிழுக்கையில் அது நுரையீரலுக்கும் செல்கிறது. வாயால் மூச்சிழுப்பவருக்கு அந்தப் பயன் குறைகிறது.

தாத்தாவின் மட்டை இன்று எங்களிடம் இல்லை. சளி பிடித்த நாள்களில் என் வீட்டு அடுப்பில் நீர் கொதிக்கிறது. அது ஆறும்வரை காத்திருக்கிறோம்.