கணுக்காலும் பேரும்: மலையக ஆட்டக்களத்தில் காயம்

இலங்கையின் மலையகத்துக்கு உதைபந்தையும் கிரிக்கெட்டையும் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயத் தோட்டத் துரைமார். ஆடுவதற்கென்று நல்ல சமதரையை முதலில் ஒதுக்கிக்கொண்டவர்களும் அவர்களே. நானுஓயாவுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் ரதெல்லவிலும், திக்கோயாப் பக்கம் தரவளையிலும் துரைமாரின் மைதானங்கள் அமைந்தன. நுவரெலியாவில் 1876இல் அவர்களுக்கென்று ஹில் கிளப் தோன்றியது. துரைக்குக் கால் பிசகினாலும் மாதச் சம்பளம் நிற்காது.

தொழிலாளரின் ஆட்டக்களம் வேறு. சரிவெல்லாம் தேயிலைக்குப் போக, தொழிற்சாலை, கோயில், குடியிருப்பு லயம் ஆகியவற்றுக்கும் இடம் விட்டு மிஞ்சிய துண்டு நிலமே தோட்டத்து இளைஞர்களின் மைதானம். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பகுதியை நனைக்கும் மாதங்களில் அது சேற்று வயல்தான். இப்படிப்பட்ட தரையில் வெறுங்காலோடும் பழைய சப்பாத்தோடும் ஓடியவர்களுக்குக் கணுக்கால் சுளுக்குவதில் வியப்பில்லை. ஆட்டம் வளர்ந்து, தோட்டத்துக்குத் தோட்டம் அணிகளும் ஹட்டன் டன்பார் மைதானத்தில் போட்டிகளும் வந்த பிறகும் பயிற்சி பெரும்பாலும் இந்தத் தரையில்தான் நடந்தது.

அணியின் முக்கிய ஆட்டக்காரர் நொண்டி நடக்கிறார் என்ற செய்தி எந்த ஊர் ரசிகரையும் கலங்கவைக்கும். தோட்டத்தில் அந்தக் கலக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஞாயிறு ஆட்டத்தில் கால் பிசகியவர் திங்கள் காலை, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைய பேர், அதாவது வருகைப் பதிவு, விழாது. பேர் விழாவிட்டால் நாட்சம்பளம் கிடையாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதும், மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து சரிவில் ஏறுவதும் ஆண்களின் வேலை. இரண்டுக்கும் உறுதியான கணுக்கால் வேண்டும். 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி ஒரு நாளுக்கு அடிப்படைச் சம்பளம் 450 ரூபாயாக இருந்தது. அதற்கு மேல் வருகைக் கொடுப்பனவாக 140 ரூபாய் கிடைத்தது. வேலை கொடுக்கப்பட்ட நாட்களில் 75 சதவீதம் வந்தவருக்கே அந்த 140 ரூபாய் கிடைத்தது. ஆகவே ஒரு வாரம் படுத்துவிட்டால் அந்த வாரத்துச் சம்பளத்தோடு, அந்த மாதத்தில் வந்த நாட்களுக்குரிய கொடுப்பனவும் கைநழுவிப் போகக்கூடியதாக இருந்தது. வேலையில் படும் காயத்துக்கு 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் உண்டு. பந்தாடிப் படும் காயம் அதற்குள் வராது. மகன் ஆடப்போவதைத் தாய் தடுத்தால், அதைப் பத்தாம்பசலித்தனம் என்று சொல்லிவிட முடியாது.

அடிபட்டால் முதலில் நாடுவது சுளுக்கு நீவுபவரை. பிறகு சித்தாலேப தைலம். எலும்பு முறிந்த சந்தேகம் இருந்தால் கிராமத்துச் சிங்கள நாட்டு வைத்தியரான வெதமாத்தையா, இல்லையேல் தோட்ட மருந்தகம். தோட்டங்களில் மருத்துவ வசதி செய்வது பற்றி 1872இலேயே சட்டம் வந்தது. ஆனால் அதன் நோக்கம் உழைப்பாளியை மீண்டும் மலைக்கு அனுப்புவதே. ஆட்டக்காரரைக் களத்துக்கு அனுப்புவது யாருடைய கணக்கிலும் இருக்கவில்லை.

உலக உதைபந்தும் காயத்தை நெடுங்காலம் இரக்கமில்லாமலே நடத்தியது. உலகக் கிண்ணப் போட்டிகளில் மாற்று ஆட்டக்காரரை இறக்க 1970இல்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் அடிபட்டவர் நொண்டிக்கொண்டே ஆட வேண்டும், அல்லது அணி பத்துப் பேரோடு ஆட வேண்டும். 1962இல் இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயமடைந்தார். பிரேசில் அவர் இல்லாமலே கிண்ணத்தை வென்றது. 1966இல் பல்கேரிய ஆட்டக்காரர்களின் உதைகளால் அவர் ஓர் ஆட்டத்தைத் தவறவிட்டார். முதற்சுற்றோடு பிரேசில் வீடு திரும்பியது.

இத்தகைய செய்திகள் மலையகத்துக்கு முதலில் பத்திரிகை வழியும் வானொலி வழியும் வந்தன. 1982இல் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியபோது அதன் ஒளிபரப்புக் கோபுரம் நுவரெலியாவின் பிதுருதலாகலை உச்சியில் எழுந்தது. நாட்டுக்கே படம் அனுப்பிய மலையின் அடிவாரத்தில் மின்சாரம் எட்டாத லயங்கள் பல இருந்தன. தொலைக்காட்சி இருந்த வீட்டு வாசலில் கூட்டம் கூடியது.

ஆட்டக்காரரின் காயம் பற்றிய ரசிகரின் கவலை உச்சத்துக்குப் போனது கிரிக்கெட்டில், முத்தையா முரளிதரன் விஷயத்தில்தான். அவருடைய பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். முரளி பிறந்தது கண்டியில், 1972இல். தந்தை மிட்டாய், பிஸ்கட் தொழில் நடத்தியவர். முரளி தோட்டத்தில் வளராதவர் என்றாலும் மலையகம் அவரைத் தன் பிள்ளையாகவே எண்ணியது. 2002 ஏப்ரலில் சார்ஜாவில் பந்தைத் தடுக்கப் போய் அவருடைய இடது தோள் விலகியது. அதே மாதம் டேவிட் பெக்காமின் பாத எலும்பு முறிந்து இங்கிலாந்தே பதறிக்கொண்டிருந்தது. ஒரு பத்திரிகை அவருடைய பாதத்தின் படத்தை அச்சிட்டு, வாசகர்களை அதன்மேல் கைவைத்து வேண்டச் சொன்னது. இலங்கை அணி அப்போது அந்த நாட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. முரளி லோர்ட்ஸ் டெஸ்டில் ஆடவில்லை. அடுத்த டெஸ்டுக்குத் திரும்பி, ஒரே இன்னிங்ஸில் 64 ஓவர் வீசி 5 விக்கெட் எடுத்தார். தோள் விலகி இரண்டு மாதம்கூட ஆகாத ஒருவரிடம் அவ்வளவு வேலை வாங்கியது அணியின் வறுமையைக் காட்டுகிறது. அந்த டெஸ்டில் இலங்கை இன்னிங்ஸ் தோல்வி கண்டது.

2011 உலகக் கிண்ணத்தில் அவர் மீண்டும் காயத்தோடு ஆடினார். மார்ச் 18இல் நியூசிலாந்துக்கு எதிராக 25 ஓட்டங்களுக்கு 4 விக்கெட் எடுத்த ஆட்டத்தில் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அதன் பிறகு ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னும் ஒரே கேள்வி: முரளி இறங்குவாரா? இறங்கினார். மார்ச் 29இல் கொழும்பு அரையிறுதியில், சொந்த மண்ணில் வீசிய கடைசிப் பந்தில் ஸ்கொட் ஸ்டைரிஸை வீழ்த்தினார். ஏப்ரல் 2இல் மும்பை இறுதியாட்டத்தில் ஏஞ்சலோ மத்தியூஸ் காயத்தால் விலக, அவருக்குப் பதிலாக சுராஜ் ரந்தீவ் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்டார். முரளி 8 ஓவர் வீசினார், விக்கெட் கிடைக்கவில்லை. இந்தியா 6 விக்கெட்டால் வென்றது.

முரளியை இந்த மண்ணின் பிள்ளையாக எண்ணியது மலையகம் மட்டுமல்ல. 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட் மைதானத்தில் தோட்ட மக்களிடையே பேசியபோது, இந்த மண் தந்தவர்கள் என்று எம்.ஜி.ஆரையும் முரளிதரனையும் குறிப்பிட்டார். அன்றே, அடிபட்டவரும் நாடக்கூடிய, இந்திய உதவியில் கட்டப்பட்ட 150 படுக்கைகள் கொண்ட திக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையும் திறந்துவைக்கப்பட்டது.