சமூக ஊடகக் கணக்குகளும் பெற்றோர் ஒப்புதல் சட்டங்களும்

சிறார் சமூக ஊடகக் கணக்கு தொடங்கப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கும் சட்டங்களுக்கு முன்னோடி, சமூக ஊடகம் பரவுவதற்கு முன்பே அமெரிக்காவில் எழுதப்பட்ட ஒரு சட்டம். ‘காப்பா’ எனப்படும் சிறார் இணையத் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிபர் பில் கிளிண்டன் 1998 அக்டோபரில் கையெழுத்திட்டார்; 2000 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. விளையாட்டும் பரிசும் காட்டிப் பிள்ளைகளிடம் பெயரையும் முகவரியையும் வாங்கி விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் தளங்களே அன்றைய கவலை. 13 வயது நிரம்பாதவரிடம் விவரம் வாங்குமுன் பெற்றோரைக் கேள் என்றது சட்டம். கையெழுத்திட்ட படிவத்தைத் தபாலிலோ தொலைநகலிலோ அனுப்பலாம். கடன் அட்டை வழியாகவும் உறுதிசெய்யலாம்.

பின்னால் வந்த பெரிய தளங்கள், பெற்றோரைக் கேட்கும் வேலையே வேண்டாமென்று, 13 வயதுக்குட்பட்டோருக்கு இடமில்லை என்று விதி எழுதிக்கொண்டன. பிள்ளைகள் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டு உள்ளே நுழைந்தார்கள். பாதுகாப்புக்காக எழுதிய சட்டம், பொய் சொல்லி நுழையும் பழக்கத்தை ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்துவிட்டது என்பதை இந்த வரலாற்றின் பெரிய இழப்பாகக் கொள்ள வேண்டும். காப்பாவை மீறியதாக 2019இல் யூடியூபும் கூகுளும் 17 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் நடைமுறைப்படுத்திய தரவுப் பாதுகாப்பு விதிகள் ஒப்புதலுக்கான வயதை 16 என வைத்து, உறுப்பு நாடுகள் அதை 13 வரை குறைத்துக்கொள்ள இடம் தந்தன.

அமெரிக்க மாநிலமான யூட்டா 2023 மார்ச்சில் இயற்றிய சட்டங்கள் தனி அத்தியாயம். 18 வயதுக்குட்பட்ட எவரும் பெற்றோர் அனுமதியின்றிக் கணக்கு வைத்திருக்கக் கூடாது, இரவு 10.30 முதல் காலை 6.30 வரை கணக்கு மூடியிருக்கும், பெற்றோர் நினைத்தால் அந்த நேரத்தை மாற்றலாம் என்றன அவை. இன்னொரு பிரிவு, பிள்ளையின் பதிவுகளையும் தனிச் செய்திகளையும் முழுவதுமாகப் படிக்கும் உரிமையைப் பெற்றோருக்குத் தந்தது. வீட்டிலேயே அடிபடும் பிள்ளை வெளியே ஒருவரிடம் உதவி கேட்டு எழுதும் செய்தியும் அதில் அடங்கும். இந்த ஒரு பிரிவை எந்த நல்ல நோக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது. வழக்குகள் வந்ததும் யூட்டா 2024இல் அச்சட்டங்களைக் கைவிட்டு வேறு சட்டம் இயற்றியது. அதற்கும் அந்த ஆண்டு செப்டம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆர்கன்சா, ஒகையோ மாநிலங்களின் ஒப்புதல் சட்டங்களும் கீழமைக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் நிற்கவில்லை. வன்முறை நிறைந்த வீடியோ விளையாட்டுகள் பற்றிய 2011ஆம் ஆண்டு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த வழக்குகளில் கைகொடுத்தது: பெற்றோரின் முன் அனுமதியில்லாமல் பிள்ளைகள் ஒன்றைக் கேட்பதையோ சொல்வதையோ தடுக்கும் பொதுவான அதிகாரம் அரசுக்கு இல்லை.

ஆஸ்திரேலியா பெற்றோரிடம் கேட்கும் வழியையே விட்டது. 2024 நவம்பரில் நிறைவேறி 2025 டிசம்பர் 10 முதல் செயல்படும் சட்டத்தின்படி, பெற்றோர் சம்மதித்தாலும் 16 வயதுக்குட்பட்டோர் குறிப்பிட்ட தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. மீறும் நிறுவனத்துக்கு அபராதம் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, 18 வயது நிரம்பாத அனைவரையும் சிறார் என்கிறது. ஒப்பந்தம் செய்துகொள்ளத் தகுதியான வயதும் அதுவே. ஆனால் பத்து வயதுப் பிள்ளையையும் கல்லூரியில் சேர்ந்துவிட்ட பதினேழு வயதுப் பெண்ணையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்தாத கணக்கு. சிறாரின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அவர்களின் இணைய நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்குச் சில விலக்குகள் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல் பற்றியவை பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். ஒப்புதல் தருபவர் வயதுவந்தவரா என்பதை, நிறுவனத்திடம் ஏற்கெனவே உள்ள அடையாள விவரத்தைக் கொண்டோ, அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாகவோ சரிபார்க்கலாம்.

அப்பாவின் எண்ணில், அப்பாவின் பெயரில், வீட்டுக்கே ஒரு போன் என்று இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். ஓடிபி வந்தால் அதைப் பார்த்துச் சொல்வதே பல வீடுகளில் பிள்ளைதான். விதிகள் தரும் எடுத்துக்காட்டுகளோ, ‘நான் சிறார்’ என்று பிள்ளை தானே சொல்வதிலிருந்தோ, ‘என் பிள்ளைக்காக’ என்று பெற்றோர் முன்வருவதிலிருந்தோ தொடங்குகின்றன. இருவருமே எதுவும் சொல்லாமல் தொடங்கும் கணக்கு அந்த எடுத்துக்காட்டுகளில் இல்லை.