சிரங்கு: ஏடுகளுக்கு முன் தாய்மார்கள் அறிந்தது

பிள்ளையின் வகுப்பில் ஒருவருக்குச் சிரங்கு கண்டிருக்கிறது என்று பள்ளியிலிருந்து செய்தி வந்தால், நம் இல்லங்களில் முதலில் எழும் வினா, "எந்த வீட்டுப் பிள்ளை கொண்டுவந்தது?" என்பதுதான். நம் பிள்ளைக்கே வந்துவிட்டால் வினா மறைந்து வெட்கம் எழுகிறது. நம்மைத் தூய்மையற்றவர்கள் என்று எண்ணுவார்களே என அஞ்சி மறைக்கிறோம். மறைக்கப்பட்ட சிரங்கு வீடு முழுதும் பரவுகிறது. அவ்வெட்கத்திற்கு அடிப்படை உண்டா என்பதை இந்நோயின் வரலாறே சொல்லும்.

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) ஆகிய இருவரும் சுவனத்திற்கு நற்செய்தி கூறப்பட்ட பதின்மரைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு உடலில் அரிப்பு ஏற்பட்டபோது, ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட பட்டாடையை அணிய நபி (ஸல்) அவர்கள் அனுமதி வழங்கியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அவ்வரிப்பு எதனால் வந்திருப்பினும், அது அவர்களின் மதிப்பைக் குறைக்கவில்லை; அவர்களுக்குக் கிடைத்தது சலுகையே.

சொறி பிடித்த ஒட்டகம் மற்ற ஒட்டகங்களுக்கு அதைப் பரப்புவதைக் குறித்து ஒரு கிராமவாசி கேட்டபோது, முதல் ஒட்டகத்திற்கு அதைத் தந்தது யார் என்று நபி (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். எதுவும் அல்லாஹ்வின் நாட்டமின்றி நிகழ்வதில்லை என்பதே அதன் பொருள். எனினும், நோயுற்ற கால்நடையை நலமுள்ளவற்றிடம் கொண்டுவர வேண்டாம் என்றும் அவர்களே அறிவுறுத்தினார்கள். நம்பிக்கையும் எச்சரிக்கையும் அங்கே ஒன்றாக நிற்கின்றன.

இந்நோய்க்குக் காரணம் தோலைக் குடைந்து முட்டையிடும் ஒரு நுண்ணிய உண்ணி. ஆனால் கிரேக்க மருத்துவ மரபோ, உடலின் திரவங்கள் கெடுவதால் சிரங்கு தோன்றுகிறது என்று கற்பித்தது. 10-ஆம் நூற்றாண்டில் அபுல் ஹஸன் அஹ்மத் அத்தபரி இவ்வுண்ணியைப் பற்றி எழுதினார். 12-ஆம் நூற்றாண்டில் இஷ்பீலிய்யாவின் மருத்துவர் இப்னு ஸுஹ்ர், தோலை உரித்தால் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் சிற்றுயிர் வெளிப்படுவதைத் தமது 'அத்தைஸீர்' நூலில் பதிவு செய்தார். ஆயினும் பழைய கொள்கை அசையவில்லை.

1687-இல் இத்தாலியின் லிவோர்னோ நகரில் பொனோமோ என்ற மருத்துவரும் செஸ்தோனி என்ற மருந்தாளரும் உருப்பெருக்கியால் அவ்வுண்ணியைக் கண்டு வரைந்தனர். அவர்களுக்கு வழிகாட்டியது ஏடு அன்று. சிரங்கு கண்ட தம் பிள்ளைகளின் தோலிலிருந்து ஊசிமுனையால் உண்ணியை எடுத்த ஏழைத் தாய்மாரின் கைப்பழக்கம். அதையும் மருத்துவ உலகம் ஏற்கவில்லை. 1834-இல் ரெனூச்சி என்ற மாணவர், தம் ஊரான கோர்சிகாவில் பெண்கள் செய்யக் கண்டவாறே, பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் ஊசியால் உண்ணியை எடுத்துக் காட்டிய பின்னரே ஐயம் தீர்ந்தது.

எஞ்சியிருந்தது அழுக்கின் மீதான பழி. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், போரிட மறுத்த இளைஞர்கள் சிலர் கென்னத் மெல்லன்பியின் ஆய்வுக்குத் தம் உடலை ஒப்படைத்தனர். சிரங்குற்ற படைவீரர்களின் துவைக்காத போர்வைகளில் அவர்கள் உறங்கினர். மிகச் சிலருக்கே தொற்றியது. நெடுநேரம் தோலோடு தோல் படிவதே பரவலின் முதன்மை வழி என்று தெளிவாயிற்று. அதாவது, பாயில் ஒன்றாக உறங்கும் பிள்ளைகளும், குழந்தையை மடியில் வைத்திருக்கும் உம்மாவுமே எளிதில் ஆளாகின்றனர். முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம் என்பதால், யாரிடமிருந்து வந்தது என்ற தேடலும் பெரும்பாலும் வீணே.

எனவே செய்தி வந்தால் கலங்க வேண்டா. ஒரே வகுப்பில் அமர்ந்ததால் மட்டும் எளிதில் தொற்றாது. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகியவற்றில் கொப்புளமோ இரவில் மிகும் அரிப்போ கண்டால் மருத்துவரை அணுகுங்கள். பெர்மெத்ரின் களிம்பு எழுதித் தந்தால், அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டார் அனைவரும் ஒரே நாளில் பூசிக்கொள்வது அவசியம். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரின் சொற்படியே பூச வேண்டும். இஷாவுக்குப் பின் பூசி, 8 மணி நேரத்திற்குக் குறையாமல் வைத்திருந்து, சுபுஹுக்குக் குளிக்கலாம்; இடையில் உளூச் செய்தால் கழுவிய இடத்தில் மீண்டும் பூச வேண்டும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் மறுமுறையும் தேவை. துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். அரிப்பு சில வாரங்கள் நீடிக்கலாம். அதனால் மருந்து பலிக்கவில்லை என்று எண்ண வேண்டா.

உடன் உறங்கிய உறவினருக்கும் விளையாட்டுத் தோழர்களின் பெற்றோருக்கும் சொல்லிவிடுங்கள். அது மானக்கேடு அன்று, அமானிதம். பிற பிள்ளையைப் பழிக்காமல் இருப்பதும் அவ்வாறே. அன்று ஊசியோடு அமர்ந்த அத்தாய்மார் யாரையும் பழிக்க நேரம் செலவிட்டிருக்க மாட்டார்கள். பிள்ளையின் கையைத்தான் பார்த்திருப்பார்கள்.