சலவைக் கடை ரசீதும் நம் வரலாறும்

விற்ற துணியைத் திரும்ப வாங்க முடியாது, சலவையில் சேதமானால் பொறுப்பல்ல. ரசீதில் இப்படி அச்சடித்திருப்பதைச் சட்டம் என்றே பலரும் நம்புகிறோம். நுகர்வோர் உரிமை என்பது வசதியானவர்களின் விஷயம் என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ அணியக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

உடுத்துவது மட்டுமல்ல, துவைப்பதும் சாதிதான். ஊர் வண்ணார் சேரித் துணியைத் தொடமாட்டார். நம் துணிகளை வெளுத்தவர்கள் புதிரை வண்ணார்கள். அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் சோறும் தானியமும்தான். அவர்களை நமக்கும் கீழே வைத்தது சாதி. நம் தெருக்களும் அதை ஏற்று நடந்தன என்பதை மறைக்கக் கூடாது.

1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில், இன்றைய 15(2) பிரிவில் வரும் 'கடை' என்ற சொல் பற்றிக் கேள்வி எழுந்தது. அண்ணல் அம்பேத்கர் அதற்கு மிக விரிந்த பொருள் தந்தார். நாடி வருவோர்க்குச் சேவை தரத் தயாராக இருக்கும் எவரும் அதில் அடக்கம். உள்ளே நுழைவது மட்டுமல்ல, சேவையைக் கேட்டுப் பெறுவதும் உரிமை என்றார். வாடிக்கையாளர் என்ற தகுதியே நமக்குப் போராடிக் கிடைத்தது.

அடுத்த கேள்வி, அந்தச் சேவை கெட்டால் யார் பொறுப்பு என்பது. சென்னை உயர் நீதிமன்றத்தின் லில்லி ஒயிட் வழக்கு 1966-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் வெளியானது. சலவைக்குக் கொடுத்த புதுச் சேலை தொலைந்துவிட்டது. மதிப்பில் ஒரு பகுதிதான் தருவோம் என்றது ரசீதின் நிபந்தனை. அது பொது நலனுக்கு எதிரானது, செல்லாது என்றது நீதிமன்றம். நுகர்வோருக்கென்று தனிச் சட்டம் 1986-ல்தான் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2019-ம் ஆண்டுச் சட்டம்.

சட்டையின் உள்ளே தைத்திருக்கும் சீட்டை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். 1963-ல் பாரிசில் தொடங்கிய ஜினெடெக்ஸ் அமைப்பு அந்தக் குறிகளைப் பரப்பியது. தொட்டி என்றால் துவைப்பது, முக்கோணம் என்றால் பிளீச், சதுரம் உலர்த்துவது, இஸ்திரிப் பெட்டி தேய்ப்பது, வட்டம் டிரை கிளீனிங். பெருக்கல் குறி இருந்தால் செய்யக் கூடாது. சொன்னபடி துவைத்தும் சாயம் போனால் குறை துணியில் இருக்கிறது. கடைக்காரர் அதை மீறித் துவைத்தால் குறை சேவையில் இருக்கிறது. அந்தச் சீட்டு உங்கள் சாட்சி, வெட்டி எறியாதீர்கள்.

ரசீது கேளுங்கள். தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. சேதத்தைப் படம் எடுத்து, எழுத்தில் புகார் கொடுங்கள். 1915 என்ற எண்ணில் உதவி கிடைக்கும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. சாதியைச் சொல்லிச் சேவையே மறுத்தால் அது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955-ன்படி குற்றம்.

ஒன்றை மறக்க வேண்டாம் தோழர்களே. நம் புகார் பெரிய கடைகளின் ரசீது நிபந்தனைகள் மீது பாயட்டும். தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுபவரின் ஒருநாள் கூலி மீது அல்ல. அவருடைய வரலாறும் நம் வரலாறும் ஒரே ஆற்றங்கரையில் வெளுத்தவை.