ராஜமாதாவின் மறுமணம்

விக்டோரியா ஏரியின் வடகரையில் அமைந்த புகாண்டா இராஜ்யத்தில், கபாகா எனப்படும் அரசருக்கு அடுத்தபடியாக மரியாதை பெற்றவர் அவருடைய பட்டத்து ராணி அல்லர்; அவரைப் பெற்ற தாயே. நமசோலே என்று பட்டம் பெற்ற அவ்வம்மையாருக்குத் தனிக் குன்றும், தனி அரண்மனையும், தனிப் பரிவாரமும் உண்டு. குடிகள் யாவரும் தந்தையின் குலத்தைச் சார்ந்திருக்க, அரசர் மட்டும் தாயின் குலத்தையே தம் குலமாகக் கொள்வதென்ற வழக்கம் நிலவியதனால், எந்தக் குலத்தின் பெண் வயிற்றிலும் நாளைய அரசர் பிறக்கக்கூடும் என்னும் நம்பிக்கை குலங்கள் அனைத்தையும் அரியணையோடு பிணைத்து வைத்திருந்தது. அப்பிணைப்பின் கண்கண்ட சாட்சியாக விளங்கியவர் நமசோலே. அத்தகையவர் மறுமணம் புரிதல் ஆகாதென்பது தொல்வழக்கு.

1939-இல் கபாகா இரண்டாம் டாவுடி ச்வா காலமாகவே, 15 வயதே நிரம்பிய மூடேசா அரசுரிமை எய்தினார். அவருடைய அன்னை ஐரீன் நமகண்டா 1941-இல் சாமானியக் குடியிற் பிறந்த ஒருவரை மணக்க விரும்பித் திருச்சபையின் அனுமதியை நாடினார். உகாண்டாவின் ஆங்கிலிக்கன் அத்தியட்சராயிருந்த சிரில் ஸ்டூவர்ட், கணவனை இழந்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் விண்ணப்பமாகவே அதனைக் கண்டார். விதவையின் விவாகத்தைத் தடுக்கும் பிரமாணம் வேதத்தில் இல்லையாதலால் இசைவு தந்தார். காத்திக்கிரோ என்னும் முதன்மந்திரிப் பதவி வகித்த மார்ட்டின் லூதர் நசிபிர்வாவும் உடன்பட்டார். விவாகம் நடந்தது, நாடு கொந்தளித்தது. அம்மையார் பட்டத்தை இழந்தார், நசிபிர்வா பதவி துறந்தார்.

பழைய சமயம் புதிய சமயத்தின்மீது தொடுத்த போராக இதனைக் கருதுதல் பொருந்தாது. சினந்தெழுந்தோருள் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்களே முன்னின்றனர். 1877-இல் மிஷனெரிமார் வந்தது முதலாக, அரசவைப் பிரதானிகள் தாமே முன்னின்று வளர்த்த சபை அது. அதன் தலைமைப்பீடத்தில் அமர்ந்தவர் தங்கள் உறவுமுறைக்கும் காவலராயிருப்பார் என்று அவர்கள் எதிர்பார்த்ததில் வியப்பில்லை. ஸ்டூவர்ட் திருச்சபைச் சட்டத்தில் பிழைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், விதவையின் உரிமையைத் தேடிய கண்ணுக்கு நமசோலே என்னும் பதவி புலப்படவில்லை என்பது என் துணிபு.

1945-இல் நசிபிர்வா மீண்டும் காத்திக்கிரோவாக நியமிக்கப்பெற்றார். அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், நமிரெம்பே பேராலய வாயிலிலே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மக்கெரெரே கல்லூரிக்கு நிலம் எடுக்க வழிவகுத்த சட்டமே உடனடிக் காரணமாயினும், நான்காண்டுகளுக்கு முந்திய அவ்விவாகத்தின் கசப்பு அப்போதும் தணிந்திருக்கவில்லை.